வாய்க்காலும் வட்டியும்



ஏர்பேட்டில் குடியேறிய நாம் சுவர்ணமுகியின் மணலையே கண்டு பழகியவர்கள். நீரைக் காண்பது மழைக்காலச் சில நாட்களில்தான். ஆதலின் ஆற்றுநீர் ஒரு கம்பெனியின் சரக்கான வரலாற்றைச் சொல்ல விழைகிறோம்.

நமக்கு வடமேற்கே நடந்தது இது. 1858இல் இலண்டனில் தோன்றிய சென்னை நீர்ப்பாசன வாய்க்கால் கம்பெனி, துங்கபத்திரையில் சுங்கேசுலா அணை கட்டி, கர்நூலிலிருந்து கடப்பை வரை ஏறத்தாழ 190 மைல் கால்வாய் வெட்டியது. பத்து இலட்சம் பவுன் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. அதற்கு அரசாங்கமே ஜாமீன்! பயிர் விளைந்தாலென்ன, கருகினாலென்ன? கடல் கடந்த பங்குதாரர்க்கு வட்டி தவறாது. அவ்வட்டி இந்நாட்டார் செலுத்திய வரிப்பணமன்றோ?

கரிசல் உழவரோ புன்செய்க்கு அந்நீரை விலைகொடுத்து வாங்க விரும்பவில்லை. அவர்களை அறியாதவர் என்பது எளிது. மண்ணை அறிந்தவர் அவர்களே. தாது வருஷப் பஞ்சத்தில்தான் வாய்க்காலை நாடினர். 1882இல் நட்டக் கால்வாயை அரசாங்கமே விலைக்கு வாங்கிற்று.

பொலிவியாவின் கொச்சபாம்பாவில் 2000இல் குடிநீர்க் கட்டணம் ஏற, மக்கள் கிளர்ந்தனர், ஒப்பந்தம் நீங்கியது. கம்பெனியோ நெதர்லாந்து முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி வழக்காடி, 2006இல் பெயரளவுத் தொகையுடன் விலகியது.

நம் காலனியிலும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பழைய பொதுக்கிணற்றைத் தூர்வார ஊராட்சிக்கு எழுதிய விண்ணப்பம் வாயிலருகே உள்ளது, கையெழுத்திட்டுச் செல்க.