ஏலக்காயும் கைப்பேசியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானக் கருவிகளால் நம் அன்றாட வாழ்வு அடைந்துவரும் மாறுதலைப்பற்றிச் சிறிது பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குப் பணித்தார்கள். பொருளோ பெரிது, நேரமோ அரைமணி. ஆதலின் உலகமெல்லாம் சுற்றிவர முயலாது, நம் ஊரில் நம் கண்முன் நிகழ்ந்த ஒரு மாறுதலை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அஃது ஏலக்காயின் விலை கைப்பேசிக்குள் வந்து சேர்ந்த வரலாறாகும்.

ஏலம் என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று மலையில் விளையும் மணப்பொருள். மற்றொன்று பலர் கூடி விலையை ஏற்றிக் கேட்கும் விற்பனை. பின்னைய பொருளில் வழங்கும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். பிறப்பால் வேறுபட்டு ஒலியால் ஒன்றுபட்ட இவ்விரு சொற்களும் ஒரு தெருவில் கைகோத்து நடக்கும் ஊர் நம் போடிநாயக்கனூர். ஏலம் ஏலத்திற்குப் போவதைக் கொண்டே இங்குப் பல குடும்பங்களில் அடுப்பு எரிகின்றது.

முன்னாளில் அவ்விற்பனை நடந்த முறையை மூத்தோர் அறிவர். வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்து, வாயால் விலை கேட்பார்கள். அன்றைய விலை யாதென்பது கூடத்திற்குள் இருந்தவர்க்கே முதலில் தெரியும். பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ உள்ள சிறு தோட்டக்காரர்க்கு அச்செய்தி மலையேறிச் சென்று சேர்வதற்குள் பல வாய் புகுந்து பல உருவம் பெற்றுவிடும். சொல்பவரே வாங்குபவராகவும் இருந்துவிட்டால், விலையானது போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போதே இளைத்துப்போகும்!

2007-ஆம் ஆண்டில் இம்முறை மாறியது. ஸ்பைசஸ் போர்டு என்று நாம் வழங்கும் நறுமணப் பொருள் வாரியம், கணிப்பொறி வழியாக ஏலம் விடும் முறையைப் போடியில் தொடங்கிற்று. கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கத்திலும் அம்முறை வந்தது. வியாபாரி தம் ஆசனத்தில் அமர்ந்து மாதிரியைச் சோதித்துப் பொத்தானை அழுத்துகின்றார். குவியலின் எண், எடை, ஏறிவரும் விலை யாவும் எல்லோரும் காணத் திரையில் தோன்றுகின்றன. 2021-ஆம் ஆண்டில் போடியையும் புற்றடியையும் இணையத்தால் பிணைத்து, ஓரிடத்து ஏலத்தில் மற்றோரிடத்திலிருந்தும் விலை கேட்கும் வசதியும் செய்யப்பட்டது. விற்பனை விவரத்தை வாரியம் தன் இணையதளத்திலும் வெளியிடுகின்றது. ஆகவே ஒரு காலத்தில் சிலர்க்கே உரியதாயிருந்த செய்தி இன்று கைப்பேசி உடைய எவர்க்கும் உரியதாயிற்று. இது சிறிய காரியமன்று.

நிற்க. செய்தி கைக்கு வந்தது மெய்யே. அதன் பொருளும் கருத்துக்கு வந்ததா என்பதே இன்று யான் உங்கள்முன் வைக்கும் வினா.

அவ்வட்டவணையில் தேதி, ஏலம் நடத்தியவர் பெயர், குவியல்களின் தொகை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என்பன இருக்கும். நம்மவரிற் பலர் பார்ப்பது உச்ச விலை ஒன்றையே. உச்ச விலையாவது அன்று வந்தவற்றுள் மிகச் சிறந்த ஒரு குவியல் பெற்ற விலை. உதாரணமாக, 100 கிலோ 3,000 ரூபாய்க்கும், 400 கிலோ 2,000 ரூபாய்க்கும், 500 கிலோ 1,800 ரூபாய்க்கும் விற்றன என்று கொள்வோம். உச்சம் 3,000, சராசரியோ 2,000 தான். 3,000 என்று எண்ணிக் கடன் வாங்கியவர் கிலோவிற்கு ஆயிரம் ரூபாய் காற்றில் எழுதிய கணக்கை நம்பியவராவார்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்னும் விலை கைப்பேசிதோறும் பறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். முந்திய ஆண்டுப் பெருவெள்ளமும், அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தமையால் நேர்ந்த ஏற்றம் அது. வந்த காய் அனைத்தும் அவ்விலைக்குப் போகவுமில்லை, அவ்விலை நிலைக்கவுமில்லை. 2022-இல் சராசரி ஆயிரத்திற்கும் கீழே இறங்கிற்று. கைப்பேசி இரண்டு விலையையும் ஒரே வேகத்தில்தான் கொண்டுவந்தது. ஆயின், ஏற்றத்தை நாம் உறவினர்க்கெல்லாம் அனுப்பினோம். இறக்கத்தை யாரும் அனுப்பவில்லை. பழைய பட்டியலைப் புதியதுபோல் வாட்ஸ்அப்பில் அனுப்புவாரும் உளர். ஆதலால் விலையைப் பார்க்குமுன் தேதியைப் பார்த்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. விலையை அறிதல் வேறு. அவ்விலைக்கு விற்க இயலுதல் வேறு. பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். உரத்திற்கும் மருந்திற்கும், காய் எடுக்கும் கூலிக்கும் ஒருவரிடம் முன்பணம் வாங்கியவர், உலர்ந்த காயை அவரிடமே கொடுக்கக் கட்டுப்பட்டிருக்கின்றார். சராசரி விலை அவர் சட்டைப்பையில் ஒளி வீசிக்கொண்டேயிருக்கும்; அவருக்கு அதனால் யாது பயன்? இணையம் மறைவை நீக்கும், கடனை நீக்காது. கடனை நீக்குவது சிக்கனமும், நம்மவர் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியுமே.

தாய்மார்களே! விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று காய் எடுத்துவரும் உங்களுக்கும் இதில் பங்குண்டு. 2020-இல் கொரோனா நோயால் எல்லை அடைபட்டபோது, மலைக்குப் போவதற்கும் இணையவழி அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று. அதனை விண்ணப்பிக்கத் தெரியாதவர் பிறர் கையை எதிர்பார்த்து நின்றனர். இன்று கூலியும் கைப்பேசி வழியே வரத் தொடங்கிவிட்டது. ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை, பணம் கொடுப்பதற்கே அது வேண்டும். "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்பவன் கொடுக்க வந்தவனல்லன், எடுக்க வந்தவன். ஏமாற்றப்பட்டால் வெட்கி மறைக்காது உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் எட்டாத இடத்திற்குப் போய்விடும்.

இனிச் செய்யவேண்டுவது யாது? யான் சங்கத்தாரை வேண்டுவன மூன்று.

முதலாவது, ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் நம் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்து, அவ்வார விலைகளைக் கரும்பலகையில் எழுதுதல். உச்சமும் சராசரியும் அருகருகே இருத்தல் வேண்டும். உயர்தரப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் அதனை வாசித்துப் பொருள் கூறட்டும். பாட்டனார் காயின் தரத்தைப் பேரனுக்குச் சொல்லட்டும். பேரன் கணக்கைப் பாட்டனார்க்குச் சொல்லட்டும்.

இரண்டாவது, பெண்மக்கள் தம் கைப்பேசியைத் தாமே இயக்கவும், தம் வங்கிக் கணக்கைத் தாமே வாசிக்கவும் பழக்குதல். பிறர் கையிலுள்ள இரகசிய எண் பிறர் கையிலுள்ள பெட்டிச் சாவியேயாகும்.

மூன்றாவது, காய் எடுக்கும் காலத்துச் செலவுக்கு அங்கத்தினர் முன்பணத்தை நாடாதிருக்கச் சங்கத்தில் ஒரு சேமிப்பு நிதி தொடங்குதல். மாதம் நூறு ரூபாயாயினும் ஆகுக.

கருவியைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. கைப்பேசி எல்லார் கையிலும் எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. எழுத்தைக் கொண்டுவந்து வைப்பது நம் கடமை. எண்ணும் எழுத்தும் ஒருங்கு வாய்த்த வீட்டில்தான் மலையில் பட்ட பாட்டிற்கு உரிய விலை வந்து சேரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முதல் கரும்பலகையை எழுத யான் வருகின்றேன். சுண்ணக்கோல் என்னுடையது, பிள்ளைகளை அனுப்புவது உங்களுடையது.