வெறும் வயிற்றில் ஏறும் சர்க்கரை



நான் உணவு ஆலோசகர். போன மாதம் தையல் தொழில் செய்யும் ஒரு அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். ஒல்லியான உடம்பு. சட்டைக்குள் மட்டும் சின்னதாகத் தொப்பை. பரிசோதனைச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, "ராத்திரி ரெண்டு இட்லிதாம்மா சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல 160 காட்டுது. தூங்குற மனுஷனுக்குச் சர்க்கரை எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். இன்றைக்குக் கொழுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதில் அதில்தான் இருக்கிறது.

நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கல்லீரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டால் அந்தச் சொல் எடுபடுவதில்லை. விடிய விடியச் சர்க்கரை வந்துகொண்டே இருக்கும். தசைக்குள் கொழுப்பு சேர்ந்தாலும் இப்படித்தான். இன்சுலின் இருந்தும் சர்க்கரை உள்ளே போவது குறைந்துவிடும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையம் மேலும் மேலும் சுரந்து பார்த்து, ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது.

"ஒல்லியான எனக்கு ஏது கொழுப்பு?" அண்ணனின் அடுத்த கேள்வி இது.

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு குதிர் இருந்தது. அறுவடை நெல் அதற்குள் போகும். விளைச்சல் கூடிய வருஷம் குதிர் நிறைந்து, மூட்டைகள் கூடத்துக்கு வரும். அப்புறம் அடுப்படிக்கே வந்துவிடும். கால் வைக்க இடமில்லாமல் அம்மாச்சி சமைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசுதான் உடம்பின் குதிர். கொழுப்பு அங்கே இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. இடம் போதாமல் வழியும்போது கல்லீரல், தசை, கணையம் என்று போய்ச் சேருகிறது. நம்மில் பலருக்கு அந்தக் குதிரே சிறியது.

2004-இல் லான்செட் இதழில் புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு கணக்கைக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆகவே தராசு முள்ளை மட்டும் நம்பாதீர்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள்.

எந்தக் கொழுப்பு என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2018-இல் பின்லாந்தில் எடை கூடிய 38 பேருக்கு, தினமும் 1,000 கலோரி கூடுதலாக மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று நிறைவுற்ற கொழுப்பைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. இனிப்பும் பழச்சாறும் சாப்பிட்டவர்களுக்கு 33. ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு 15. இனிப்புக்கும் இதில் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். கூடுதலாகச் சாப்பிடும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. நம் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். பாமாயிலில் பாதியை நெருங்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம்.

அண்ணன், "எண்ணெயே அதிகம் சேர்க்கிறதில்லைம்மா" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி விரல்விட்டு எண்ணினார். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர். தலைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 38 கிராம், அதாவது 340 கலோரி, எண்ணெயில் மட்டும். நான் சொல்வது தலைக்கு மாதம் அரை லிட்டர். தாளிக்கக் கரண்டியால் அளந்து ஊற்றினால் போதும், பாக்கெட்டைச் சாய்க்க வேண்டாம்.

நேரம் நெருங்குகிறது, நம்பிக்கையான ஒரு செய்தி. 2011-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர், சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு தினம் 600 கலோரி உணவு மட்டும் எட்டு வாரம் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு இறங்கியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சரியான அளவுக்கு வந்தது. இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எண்ணெயை அளப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் அன்றைய தேதியை எழுதி வையுங்கள். அது தீர்கிற நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.