சிப்பிக்கு முன் பாசி

(வட்டார ஆசிரியர் கூட்டம் ஒன்றில் எர்ணாவூர்ப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பு நுண்ணுயிரிகள் பாடத்தை ஒட்டி எங்கள் பள்ளியில் நடந்துவரும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். வடிகட்டிய கடல்நீரில் நுண்பாசி வளர்க்கிறோம். பாசி என்றதும் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற நினைப்புதான் நமக்கு வரும். இது வேறு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பெரிய ஒற்றைச் செல். லட்சக்கணக்கில் பெருகிய பிறகுதான் நீரில் பச்சை தெரியும்.

இதை எதற்கு வளர்க்க வேண்டும்? இறால் பண்ணையில் மூட்டைத் தீவனம் போடலாம். சிப்பியின் இளம்புழுவுக்கு அது ஆகாது. கண்ணுக்கே தெரியாத அந்தப் புழுவின் வாய்க்குள் போகிற அளவில், நீரில் மிதக்கிற உயிருள்ள உணவு வேண்டும். ஆகவே சிப்பி வளர்க்க நினைப்பவர் முதலில் பாசி விவசாயி ஆக வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக் கழிமுகங்களில் கல்லிலும் பாலத் தூணிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிற சிப்பியின் அறிவியல் பெயர் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ்; அதில் மெட்ராசென்சிஸ் என்ற பகுதி 1916இல் பிரஸ்டன் என்பவர் வைத்தது. ஊர்ப் பெயர் அதிலேயே இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். 1910இலேயே ஜேம்ஸ் ஹார்னெல் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் சிப்பி வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். ஆனால் சிப்பிக் குஞ்சை ஆய்வகத்திலேயே உண்டாக்க நம் நாடு இன்னும் எழுபது ஆண்டு காத்திருந்தது. அது நடந்த இடம் தூத்துக்குடி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே 1973இல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதற்கான சிப்பி கடலிலிருந்து வந்தது. முத்துச்சிப்பிக் குஞ்சைத் தொட்டியில் வளர்த்தெடுத்தது 1981இல். மெட்ராஸ் பெயர் கொண்ட உண்ணும் சிப்பியின் குஞ்சு அதற்கு அடுத்த ஆண்டு.

அந்தக் குஞ்சுகளை ஆளாக்கிய உணவு ஐசோகிரைசிஸ் கல்பானா என்ற பொன்பழுப்பு நிற நுண்பாசி. 1949இல் மேரி பார்க் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் விவரித்துப் பெயரிட்டது. நாங்கள் வளர்க்கும் பாசியில் பாதி அளவுதான் இருக்கும். தடித்த செல்சுவர் இல்லாததால் எளிதில் செரிக்கும். இரண்டு கசையிழைகளால் நீந்திக்கொண்டே இருப்பதால் அடியில் படியாது. ஆனால் அதற்குக் குளிர்ந்த அறை வேண்டும். நம் பள்ளியில் ஏசிக்கு எங்கே போவது? அதனால் மீன்வள ஆய்வகம் ஒன்றில் கேட்டு, வெயில் தாங்கக்கூடிய டெட்ராசெல்மிஸ் என்ற பச்சை வகையை வாங்கி வந்தோம்.

வேலையில் பெரும்பகுதி தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான். கரையோர நீர் எங்களுக்கு ஒத்துவராது. கடலுக்குப் போகிற பெற்றோரிடம் கேன் கொடுத்து, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி மொண்டு வரச் சொல்கிறோம். தெளிய வைத்து, மெல்லிய துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டி, கொதிக்க வைத்து, மூடியபடியே ஆற விடுகிறோம். குஞ்சு பொரிப்பகங்களில் மணல் வடிகட்டி, ஒரு மைக்ரான் வடிகட்டி, புற ஊதா விளக்கு என்று வரிசையாக வைத்திருப்பார்கள். இவ்வளவு பாடு எதற்கென்றால், கடல்நீரில் பாசியைத் தின்னும் உயிர்களும் இருக்கின்றன. குற்றிழை கொண்ட ஓருயிரி உள்ளே புகுந்தால் போதும், பச்சைக் குடுவை சில நாளில் வெளுத்துப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் கலந்து கடலின் உப்பும் குறையும். அதையும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி நைட்ரேட், பாஸ்பேட், சிறிதளவு இரும்பு முதலான உப்புகள், இரண்டு வைட்டமின்கள், ஒரு டியூப் லைட், மீன் தொட்டிக் காற்றுப் பம்பு. அவ்வளவுதான்.

கணக்கு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செல் எண்ணுகிற நியூபார் கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கிறோம். பாசி ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு சொட்டு அயோடின் விட்டு நிறுத்திவிட்டு எண்ண வேண்டும். கண்ணாடியில் ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டம். அதன் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கட்டத்தில் 42 செல் இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு? பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும்: 4 லட்சத்து 20 ஆயிரம். ஏன் பத்தாயிரம் என்று பிள்ளைகளே கன அளவு போட்டுக் கண்டுபிடித்தார்கள். தினமும் எண்ணி வரைபடம் போட்டால் முதலில் மெதுவாக, பிறகு விறுவிறுவென்று ஏறி, அப்புறம் சமமாகி, கடைசியில் விழும். ஏறுமுகத்தில் இருக்கும்போதே அறுவடை செய்ய வேண்டும். முற்றிய பாசி புழுவுக்கு நல்லதல்ல.

இன்னொரு கணக்கு. தொடக்க நிலைப் புழு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,000 செல் தேவை. ஒரு லட்சம் புழுவுக்கு 40 கோடி செல். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல் உள்ள பாசிநீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்? 400 மில்லிலிட்டர். கண்புள்ளி வந்த புழு 12,000 செல் வரை தின்னும், அப்போது 1.2 லிட்டர். கோடி என்ற எண்ணைக் கையில் தூக்கிப் பார்த்த சந்தோஷம் அன்றைக்கு வகுப்பில் இருந்தது.

பிறகு இரண்டு குடுவைகளில் பாசிநீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் உயிருள்ள மட்டிகளை விட்டோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது மட்டி இருந்த குடுவை தெளிந்திருந்தது. மற்றது பச்சையாகவே இருந்தது. பாசி எங்கே போயிற்று என்று கேட்டேன். மட்டிக்குள் போயிற்று என்றார்கள். அப்போது ஒரு மாணவி எழுந்து, "சார், அப்போ எங்க ஆயா ஆத்துல எடுக்கிற மட்டி எதைத் தின்னுது?" என்றாள்.

கழிமுகத்துத் தண்ணீரில் சாம்பலும் ஆலைக் கழிவும் கலப்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வீட்டுச் சுவரிலும் படகிலும் படிந்ததை நேரில் பார்த்தவர்கள். ஆனால் அந்த ஆயா மட்டி விற்றால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இந்த மாதிரிக் கேள்வியை "நல்ல கேள்வி, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. தெரிந்ததைச் சொன்னேன். பாசியோடு வருகிற மற்றதும் மட்டிக்குள் போகும். கிருமி என்றால் சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் விட்டு வைத்தால் பெரும்பாலும் வெளியேறும், நன்றாக வேக வைத்தாலும் சாகும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சதையில் தங்கும்; கொதிக்க வைத்தாலும் போகாது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்த ஆயாவே வந்தார். இரண்டு குடுவைகளையும் பார்த்துவிட்டு, "இது எங்களுக்குத் தெரியாதா வாத்தியாரே? எண்ணெய் வந்தப்போ மட்டியே நாத்தம் அடிச்சுது. வேற வேலை இருந்தா சொல்லு" என்றார்.

கேரளத்தில் காசர்கோடு பக்கம் படன்னாவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து உப்பங்கழியில் கயிறு கட்டிக் கல்லுமக்காய் வளர்க்கிறார்கள். அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே தண்ணீர் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் ஆறு இருக்கிற நிலையில் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாணவர்கள் மாதம் ஒரு முறை ஆற்றுநீரின் உப்பளவு, நிறம், மணம், மேலே மிதப்பது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். அந்த மாணவிதான் நோட்டை வைத்திருக்கிறாள். உங்கள் பள்ளி ஆற்றுக்கு மேற்கே இருந்தால் அங்கிருந்தும் ஒரு நோட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

பாசி வளர்க்க விரும்புகிறவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலை நன்றாகக் கழுவி, வெந்நீர் ஊற்றி எடுத்து வாருங்கள். பாதி அளவு ஊற்றித் தருகிறோம். கொண்டு போகும்போது மூடியை இறுக்கித் திருகிவிட வேண்டாம். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக வெளிச்சத்தில் வையுங்கள்.