சித்திரையும் மேடமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளவேனிற் காலத்து விழாக்களுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வது பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இஃதென்ன பெரிய பொருளோ என்று எண்ணுவோரும் இவ்வவையில் இருக்கலாம். ஆயின், மட்டாஞ்சேரியில் குடியேறி வாழும் நமக்கு இது சிறு பொருள் அன்று. நம் பிள்ளை எந்த விழாவைத் தன் விழா என்று கொள்கிறதோ, அவ்விழாவின் மொழியையே நாளைக்குத் தன் மொழியாகவும் கொள்ளும். டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்காக அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் கோட்டைக் கொச்சியில் தமிழராகவே வாழ்கின்றனர். அது தானாக நிகழ்ந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இவ்வூரில் வசந்தம் ஒரே வாயிலால் வருவதில்லை. பங்குனி முழுநிலவை ஒட்டிக் குஜராத்தி வீதியில் ஹோலி வண்ணப்பொடி பறக்கும். அவ்வீதியிலுள்ள சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இடுவர். அதற்குத் திருநாள் வேண்டுவதில்லை, எந்நாளும் உண்டு. குழந்தைக்கு அதனினும் இனிய காட்சி வேறில்லை. செலவும் இல்லை.

இனி விஷுவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 2023ஆம் ஆண்டில் நம் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வந்தது; விஷுவோ 15ஆம் நாள். கதிரவன் மேட ராசியிற் புகுவது மறைவுக்கு முன்னராயின் அன்றே நமக்குச் சித்திரை பிறந்துவிடும். மலையாளத்தார் அதன் பின்னர் வரும் முதல் விடியலிலேயே கனி காண்பர். அதனால் சில ஆண்டுகளில் ஒரு நாள் வேறுபாடு உண்டாகிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

அந்த 15ஆம் நாள் விடியற்காலையில் அண்டை வீட்டு அம்மையார் எங்கள் சிறுமியைக் கண்பொத்தி அழைத்துச் சென்று உருளியின் முன் நிறுத்தினார். விளக்கு, கண்ணாடி, அரிசி, பொன்னிற வெள்ளரி, மாங்கனி, கொத்துக் கொத்தாய்க் கொன்றை மலர். கையில் கைநீட்டக் காசும் கிடைத்தது. அப்பொழுது அவளுக்கு நான்கு வயது. வீட்டிற்கு ஓடி வந்து, "அப்பா, நம்ம வருஷப் பிறப்புக்குக் காசு கிடையாதா? அவங்களுக்கு மட்டுந்தானா?" என்று வினவினாள்.

அவ்வினாவுக்கு விடை நம்மிடமே இருக்கிறது. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கொங்கு நாட்டிலும் சித்திரைக்கனி காணும் வழக்கம் உண்டு. இங்குள்ளோர் 'கணிக்கொன்ன' என்று போற்றும் மலர் நம் கொன்றையே. கேரளத்தின் மாநில மலரும் அதுவே. ஔவையாரின் 'கொன்றை வேந்தன்' பெயரிலும் அம்மலரே மணக்கிறது. அடுத்த ஆண்டு முதல் எங்கள் இல்லத்திலும் தட்டில் கனி வைத்தோம். சிறுமி இப்பொழுது இரண்டு வீட்டிலும் காசு வாங்குகிறாள். அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

திருச்சூர்ப் பூரத்திற்குக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா என்று பலர் கேட்கின்றனர். எர்ணாகுளத்திலிருந்து புகைவண்டியில் சுமார் 75 கிலோமீட்டர்தான். நம் கொச்சியை 1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான் தொடங்கிய விழா அது. காண வேண்டியதே. எனினும் மேட மாதத்து வெயிலில், தேக்கின்காட்டு மைதானத்து நெரிசலில், யானைகளின் அருகே கைக்குழந்தையோடு நிற்பது எங்கள் கருத்துக்கு ஒவ்வாது. ஒரு கோயில் விழாவில் செண்டை முழக்கத்தின் அருகே நின்றபோது, தோளில் இருந்த குழந்தையின் உடல் முழுதும் நடுங்கியதை உணர்ந்து ஆலமரத்தடிக்கு விலகிச் சென்றோம். அங்கிருந்து கேட்டபோது அவளே தாளம் போட்டாள். தொலைவு ஒன்றே மருந்து.

பூரத்திற்கு முன்னாள் நெற்றிப்பட்டம், ஆலவட்டம், வெண்சாமரம், வண்ணக் குடைகள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைப்பர். சிறு பிள்ளைகளுக்கு அதுவே பூரம். வெடிக்கட்டின் பக்கம் கொண்டு செல்லவே வேண்டாம். 2016 ஏப்ரல் 10ஆம் நாள் கொல்லத்தை அடுத்த பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் வெடிக்கட்டு தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விழாக் காண வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். வரும் சித்திரை முதல் நாள் மாலையில் நம் சங்கத்திலே கனித்தட்டு வைப்போம். பிள்ளைகள் கொன்றை வேந்தன் ஒப்பிக்கட்டும். அண்டை வீட்டு மலையாளப் பிள்ளைகளையும் அழைப்போம். எல்லார்க்கும் ஒரே அளவில் காசு கொடுப்போம். கொன்றைப் பூவுக்கு நாங்கள் பொறுப்பு. எங்கள் குடியிருப்பின் பின்புறம் மரம் ஒன்று நிற்கிறது. ஏணி மட்டும் எவரேனும் கொண்டு வருக.