கண்டு வருவதும் காத்து வைப்பதும்



யாத்திரை என்பது தமிழ் மக்களுக்குப் புதியதொன்றன்று. தோணியேறிக் கடல் கடந்து சிதம்பரத்துக்கும் காசிக்கும் சென்று மீண்ட முன்னோரின் கதைகள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் வழங்குகின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இக்காலத்தில் விமானமேறிக் கம்போடியாவின் அங்கோர்வாட்டையும், யாவாவின் பொரோபுதூரையும், பாங்கொக் நகரத்துப் பௌத்த ஆலயங்களையும் கண்டு வருகின்றனர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய கணவனும் மனைவியுமாகப் புறப்படும் பயணங்கள் இவற்றுட் பல. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் உலகத்தைக் காண விழைவது நியாயமே. ஆயினும், திரும்பி வந்தவர்களிடம் "என்ன கண்டீர்கள்?" என்று அயலவர் வினவும்போது, கிடைக்கும் விடை பெரும்பாலும் ஊர்ப் பெயர்களின் வரிசையாகவோ, கோபுர வாயில்களின் முன் இருவரும் நிற்கும் படங்களின் வரிசையாகவோ அமைந்துவிடுகின்றது.

ஓர் ஊரைக் காண்பது என்றால் என்ன? இந்த வினாவைச் சிந்திக்கப் புகுவோர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விலங்கையிலே பயணஞ் செய்த ஒரு தம்பதியரை நினைவுகூர்தல் நன்று. கணவர் ஆனந்த குமாரசுவாமி. மனைவியார் எதெல் மேரி பாட்றிஜ் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

குமாரசுவாமி குடும்பத்தின் வேர் வடமராட்சியிலே, கெருடாவில் என்னும் ஊரிலே உள்ளது. அங்கிருந்து கொழும்புக்குச் சென்று உயர்பதவி பெற்ற ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியாரின் மகனே சேர் முத்துக்குமாரசுவாமி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863ஆம் ஆண்டு வெளியிட்டவரும், பௌத்தர்களின் சுத்த நிபாதத்தை 1874ஆம் ஆண்டு ஆங்கிலத்திற் தந்தவரும் அவரே. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களின் ஒரே மைந்தராக ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஓகஸ்ற் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். ஆனந்தர் தாயாரின் நாட்டிலேயே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். 1902ஆம் ஆண்டு எதெலை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் இலங்கைக்கு வந்தனர். கணிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைமை ஆனந்தரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கல்லையும் மண்ணையும் ஆராய வந்தவர் அவர். அப்பணியில் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்து அறிவியல் உலகிற் பெயரும் பெற்றார். எனினும், ஆய்வின் பொருட்டுக் கண்டி நாட்டின் கிராமங்களினூடாகச் சென்றபொழுது, கல்லுக்கு அப்பால் வேறொன்று அவர் கண்களிற் பட்டது. விகாரைகளின் சுவர்களிலே பழைய ஓவியங்கள் அழிந்துகொண்டிருந்தன. தச்சர், கொல்லர், குயவர், பாய் இழைப்போர், துணி நெய்வோர் ஆகியோரின் கைத்திறன் விலை போகாமல் நலிந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணமும் கண்முன்னே இருந்தது. கண்டி மன்னரின் ஆட்சியில் கைவினைஞர் தத்தம் சேவைக்கு ஈடாக நிலத்தை அனுபவித்து வந்தனர். 1815ஆம் ஆண்டு அவ்வரசு வீழ்ந்தபின் அவர்களைப் பேணுவோர் குறைந்தனர். கப்பலில் வந்திறங்கிய ஆலைத்துணியும் தொழிற்சாலைப் பண்டங்களும் எஞ்சிய சந்தையையும் கைப்பற்றின. ஒரு தலைமுறை கழிந்தால் கேட்டறியவும் ஆளிராது என்ற நிலைமை உருவாகியிருந்தது.

அத்தம்பதியர் அந்நிலைமைக்கு இரங்கியதோடு நின்றுவிடவில்லை. ஆனந்தர் கைவினைஞரின் வேலை முறைகளையும், கருவிகளையும், அவற்றின் பெயர்களையும் குறித்துவைத்தார். எதெல் புகைப்படக் கருவியோடு சென்றார். தையல் வேலைப்பாடுகளிலும் நெசவிலும் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. 1905ஆம் ஆண்டில் ஆனந்தர் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைப் பேணும் கடமையை அவர்களுக்கு நினைவூட்டினார். அந்நாட்களில் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், மேனாட்டு வழக்கங்களைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தது.

இவ்வுழைப்பின் பயனே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு மீண்ட தம்பதியர், ஆங்கிலக் கவிஞரும் கைவினைப் பற்றாளருமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே அந்நூலை அச்சிட்டனர். பதினைந்து மாதங்கள் அவ்வேலை நடந்தது. 1908ஆம் ஆண்டு நிறைவுற்ற அப்பதிப்பில் 425 பிரதிகளே வெளிவந்தன. அவ்வளவு சிறிய பதிப்பாயினும், கண்டிநாட்டுக் கலையை அறிய விரும்புவோர் இன்றளவும் முதலிற் கையிலெடுக்கும் நூல்களுள் அது ஒன்றாக விளங்குகின்றது.

பின்னர் அவ்விருவரின் வாழ்க்கைப் பாதைகளும் பிரிந்தன. எதெல் இங்கிலாந்திலே தலைசிறந்த நெசவுக் கலைஞராகத் திகழ்ந்தார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் கைநெசவாளர்களால் நெடுங்காலம் போற்றப்பட்டது. ஆனந்தர் 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள நுண்கலை அரும்பொருளகத்திற் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருக்கு மனைவியான ஸ்ரெல்லா புளொக் என்னும் நடனக் கலைஞருடன் 1920ஆம் ஆண்டில் ஆசியப் பயணமொன்றை மேற்கொண்டு யப்பான், சீனா, கம்போடியா, யாவா, பாலி முதலிய இடங்களைக் கண்டார். 1927ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்று நூலில், கடல்களுக்கு அப்பாலுள்ள ஆலயங்களையும் பாரதநாட்டுக் கலைமரபையும் ஒரே தொடர்ச்சியாக வைத்து விளக்கினார். கண்டிக் கிராமங்களிற் பழகிய கண்ணே யாவாவின் கற்சிற்பங்களையும் அளந்தது. அருகிலுள்ளதைப் பார்க்கக் கற்றவருக்கே தொலைவிலுள்ளது விளங்கும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நேயர்களே, இனி யாழ்ப்பாணக் குடாநாட்டின் பக்கம் திரும்புவோம். குமாரசுவாமி தம்பதியரின் பெருநூல் கண்டி நாட்டைப் பற்றியது. முன்னோரின் ஊராகிய வடமராட்சியின் கைவினைகளுக்கு அத்தகைய இன்னொரு பெருநூலை அவர் எழுதவில்லை. அந்தக் கண்ணோடு ஒரு தம்பதியர் இன்று கெருடாவிலிலிருந்து புறப்பட்டால் எவற்றைக் காண்பர்?

அருகிலே தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் இருக்கின்றது. அங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்வார். மந்திர ஒலி கேட்டுப் பழகிய செவிகளுக்கு அம்மௌனமே ஒரு பாடமாகும். சிறிது தூரத்திலுள்ள வல்வெட்டித்துறையிலே ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கியபின், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. குளொஸ்ரர் பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள ஊர். வடமராட்சித் தச்சரின் கைவண்ணம் அத்துறையிற் சேர்ந்த அந்த ஆண்டிலே, வடமராட்சிக் குடும்பத்துப் பேரறிஞர் பொஸ்ரனிலேயே பணியாற்றிக்கொண்டிருந்தார்.

பருத்தித்துறைக்குச் சென்றால் தெருமூடிமடத்தைக் காணலாம். தெருவின் இருபுறமும் திண்ணைகள் அமைந்திருக்க, மேலே கூரை தெருவை மூடி நிற்கின்றது. வழிப்போக்கரும் வண்டியும் அதனூடாகவே சென்றனர். குடாநாட்டின் வீதியோரங்களில் ஆங்காங்கே எஞ்சியுள்ள சுமைதாங்கிக் கற்களும் நின்று பார்க்கத்தக்கவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை அமைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம், முன்பின் அறியாத ஒருவரின் தலைச்சுமையை இறக்கிவைக்க உதவியது. கேணிகளின் அருகே மாடுகள் உடலை உரைஞ்சிக்கொள்வதற்கு நாட்டப்பட்ட ஆவுரோஞ்சிக் கற்களும் அத்தகையனவே. இணுவிலிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட கந்தசுவாமி கோயில் மஞ்சம், மரவேலைப்பாட்டுக்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு.

ஆனந்தர் நிலவியலாளர் ஆதலின், இவற்றுக்கெல்லாம் அடியிலுள்ள கல்லையும் நோக்கியிருப்பார். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடாக உட்சென்று நிலத்தடியில் தங்குகின்றது. கீரிமலையிலே கடலுக்கருகில் நன்னீர் ஊறுவதும் அக்கல்லின் இயல்பினாலேயே. ஆகவே, கிணறு வேண்டியிருந்தது. கிணற்றுக்குத் துலா வேண்டியிருந்தது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரிறைத்தார். அந்தப் பட்டையும் பனையோலையால் இழைக்கப்பட்டது. கல், நீர், பனை, மனித உழைப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்து தோட்டங்களை விளைவித்தன. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மறைந்தது. துலாவோடு பட்டையும், அதனை இழைக்கத் தெரிந்த விரல்களும் மறைந்தன.

பண்டம் மறையும்போது பெயரும் உடன் மறைகின்றது. கடகம், சுளகு, உமல், குட்டான், பிளா, நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி என்னும் பெயர்களைப் பள்ளி மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டொன்றுக்கு மேல் அவர்கள் அறியார். அது அவர்களின் குற்றமன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்களும், 1995ஆம் ஆண்டு வலிகாமம் முழுவதும் வாழ்ந்த மக்களும் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பாட்டியின் கொட்டப்பெட்டியைத் தேடியெடுத்துச் செல்லவில்லை. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். பழைய கைவினை உலகத்தைப் போற்றிய குமாரசுவாமி, பிறப்பினால் தொழிலை வகுத்த அமைப்பையும் மிகுந்த பரிவோடு நோக்கினார். யாழ்ப்பாணத்தார் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. அழகிய பெட்டியை இழைத்த கைகளும், கோயிற் பறையை முழக்கிய கைகளும் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1968ஆம் ஆண்டிலும் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்தது. தந்தையின் தொழிலை மகன் கைவிட்டதற்கு ஆலைப் பண்டம் மட்டும் காரணமன்று. அத்தொழிலோடு ஒட்டியிருந்த இழிவும் காரணமாயிற்று. அவன் பள்ளிக்கூடத்தை நாடியது நியாயமானது. ஆகவே, பழைய கட்டுகளை மீண்டும் விரும்பாமலே பழைய திறனைப் பதிந்து வைத்தல் வேண்டும். பொருளின் பெயரோடு அதனைச் செய்தவரின் பெயரையும், அவர் பெற்ற கூலியையும், அவர் பட்ட பாட்டையும் எழுதினால்தான் அப்பதிவு உண்மையாகும்.

இதற்குப் பெரிய கல்வியோ பெரும் பொருளோ தேவையில்லை. அயலிலே எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருந்தால், கணவனும் மனைவியுமாக ஒரு மாலைப்பொழுதில் அவரிடம் செல்லலாம். "ஆச்சி, இதுக்கு என்ன பேர்? ஆர் செய்தது? எப்பிடிச் செய்யிறது?" என்னும் மூன்று வினாக்களே போதும். ஒருவர் கேட்க, மற்றவர் எழுதலாம். ஊரின் பெயரையும் திகதியையும் மறவாமற் குறித்தல் அவசியம். படம் எடுப்பதாயின், பொருளை மட்டும் எடாமல், அதனைச் செய்யும் கைகளையும் சேர்த்து எடுத்தல் நன்று. எழுதியதை வீட்டுப் பெட்டிக்குள் பூட்டிவைத்தலும் தகாது. ஊர்ப் பாடசாலைக்கும் நூல்நிலையத்துக்கும் ஒவ்வொரு பிரதியைக் கொடுக்கலாம். ஈழத்து எழுத்துக்களையும் ஆவணங்களையும் மின்வடிவிற் சேமிக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதற்கும் ஒரு பிரதியை அனுப்பலாம். ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் அழிந்ததைக் கண்ட சமூகம், ஒன்றைப் பல இடங்களில் வைக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

அங்கோர்வாட்டுக்குச் செல்வோர் தாராளமாகச் செல்க. பொரோபுதூரின் படிகளில் ஏறுக. ஆனால் புறப்படுமுன், தம் ஊரிலுள்ள மடத்தையும் கேணியையும் சுமைதாங்கியையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுச் செல்க. இது எவரால், எதனால், எவருக்காகச் செய்யப்பட்டது என்று இங்கே கேட்கப் பழகியவர்கள் அங்கேயும் அதனைக் கேட்பர். அங்கோரின் பெருங்கற்களை அடுக்கியவர்களும் பெயர் எழுதப்படாத உழைப்பாளரே என்பது அப்போது அவர்களுக்குப் புலப்படும். எண்பது வயது ஆச்சி அடுத்த ஆண்டும் இருப்பார் என்பது நிச்சயமன்று. ஆகையால், தூரப் பயணத்துக்கு நாள் குறிக்குமுன் அயல்வீட்டுப் பயணத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வதே அறிவுடைமையாகும்.