குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு: கிளாரன்ஸ் டாரோவின் வழக்குகள்



குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே அதே தொழிலில் பெயர் பெற்ற இன்னொருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிகாகோவில் தொழில் செய்த கிளாரன்ஸ் டாரோ அவர். பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவு வருவது, 1925-இல் டென்னசி மாநிலத்து டேட்டனில் நடந்த பரிணாமக் கொள்கை வழக்கு. எதிர்த்தரப்பில் இருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக அழைத்து, விவிலியத்தைப் பற்றி டாரோ குறுக்கு விசாரணை செய்த வழக்கு. நாடகமும் சினிமாவும் அதை நிறையவே சொல்லிவிட்டன, நான் தொடப்போவதில்லை. குற்றம் சாட்டப்பட்ட எதிரி குற்றம் செய்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை என்னும்போது, அவருக்கு வக்காலத்துப் போட்டவர் செய்ய என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்காகத்தான் எனக்கு டாரோ முக்கியமானவர்.

டாரோ 1857 ஏப்ரல் 18-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். தந்தை மரச்சாமான் செய்பவர். ஊரில் சாவு விழுந்தால் சவப்பெட்டியும் அவர் கடையிலிருந்துதான் போகும். சிற்றூரில் மத நம்பிக்கைகளைக் கேள்வி கேட்ட குடும்பம், வீடு முழுக்கப் புத்தகங்கள். சட்டக் கல்லூரியில் டாரோ படித்தது ஒரே ஓர் ஆண்டு. மீதியை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கற்று, 1878-இல் பதிவு பெற்றார். நாட்டுப்புறத்தில் தொழில் நடத்திய காலத்தில் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் எழுதிய ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. தண்டனை அமைப்பு யாரைப் பிடித்து அரைக்கிறது என்பதைச் சொன்ன நூல் அது. 1887-இல் சிகாகோவுக்கு வந்ததும் ஆல்ட்கெல்டைத் தேடிப் போய்ப் பழகினார். பின்னாளில் இல்லினாய் ஆளுநரான ஆல்ட்கெல்ட், தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்த ஹேமார்க்கெட் வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த மூவரை 1893-இல் மன்னித்து விடுதலை செய்தார். அதற்காக அரசியலில் பெரும் விலை கொடுத்தார். குற்றத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தைத் தூக்குக் கயிறு அறுப்பதில்லை என்ற எண்ணம் டாரோவிடம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது.

கொலை வழக்கில் அவருடைய தொடக்கம் தோல்விதான். சிகாகோ மேயரைச் சுட்டுக் கொன்ற பிரெண்டர்காஸ்ட் என்ற இளைஞன் மனநலம் குன்றியவன். நகராட்சியின் பெரிய பதவி தனக்கு வரவேண்டியது என்று நம்பிக்கொண்டிருந்தவன். மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகே டாரோ அவனுக்காக வந்தார். வாதம் எடுபடவில்லை. 1894 ஜூலை 13-இல் அவன் தூக்கிலிடப்பட்டான். டாரோ கொலை வழக்கில் வாதாடியவர்களில் தூக்குமேடை ஏறியவன் அவன் ஒருவனே என்று சொல்வது வழக்கம்.

அதே கோடையில் புல்மேன் ரயில் வேலைநிறுத்தம். டாரோ அப்போது ஒரு ரயில் நிறுவனத்தின் வழக்கறிஞர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக நின்றார். அந்த வழக்கிலும் தோற்றார். டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். ஆனால் தொழிலாளர்களுக்கு டாரோ யார் என்று தெரிந்துவிட்டது. 1907-இல் ஐடஹோவின் முன்னாள் ஆளுநரைக் குண்டு வைத்துக் கொல்லச் சதி செய்ததாகச் சுரங்கத் தொழிலாளர் தலைவர் பில் ஹேவுட் மீது வழக்கு வந்தபோது டாரோவைத்தான் அழைத்தார்கள். அரசுத் தரப்பு முழுக்க ஹாரி ஆர்ச்சர்ட் என்ற ஓர் அப்ரூவரின் தலையில் நின்றது. துணைச் சான்று இல்லாமல் உடந்தையாளி சாட்சியத்தை நம்பித் தண்டிக்கக்கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். 2024 வரை நடப்பில் இருந்த நம் சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவையும் 114-இன் எடுத்துக்காட்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பிய மாணவர்களுக்கு இந்த வழக்கை நான் பரிந்துரைப்பேன். ஹேவுட் விடுதலையானார்.

டாரோவைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 1910-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மெக்நமாரா சகோதரர்களுக்காக டாரோ போனார். வழக்கு நடக்கும்போதே அவருக்காக வேலை செய்த ஒருவர் ஜூரிக்குப் பணம் கொடுக்கையில் பிடிபட்டார். சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அடுத்து எதிரியாக நின்றவர் டாரோவே. 1912-இல் ஒரு வழக்கில் விடுதலை. 1913-இல் இன்னொன்றில் ஜூரி ஒருமனப்படவில்லை. அவர் கை கறைபட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கறைபட்டிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். நல்ல நோக்கம் கெட்ட வழிக்கு வக்காலத்து ஆகாது.

1925 செப்டம்பரில் டெட்ராய்ட் நகரின் வெள்ளையர் பகுதியில் ஒசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். இரண்டாம் நாள் இரவு வீட்டின் முன் கூட்டம் திரண்டது, கல் விழுந்தது. உள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் இறந்தார். வீட்டுக்குள் இருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு. அங்கே கூட்டமே இல்லை, சிலர் நின்றார்கள், அவ்வளவுதான் என்று அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். இளம் சாட்சி ஒருவன் மட்டும், நிறையப் பேர் இருந்தார்கள் என்று தொடங்கி, தடுமாறி, சிலர் இருந்தார்கள் என்று திருத்திக்கொண்டான். டாரோ அந்தத் தடுமாற்றத்தை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போய், போலீஸ்காரர் சொல்லிக் கொடுத்ததுதான் அது என்பதை அவன் வாயாலேயே வரவழைத்தார். குறுக்கு விசாரணைக்கு உரத்த குரல் வேண்டியதில்லை, கூர்ந்த காது வேண்டும். முதல் விசாரணையில் ஜூரி பிளவுபட்டது. அடுத்த ஆண்டு, சுட்டதாக ஒப்புக்கொண்டிருந்த தம்பி ஹென்றி ஸ்வீட்டை மட்டும் தனியே விசாரித்தார்கள். முழுவதும் வெள்ளையர்களே அமர்ந்த ஜூரி அவரை விடுவித்தது. என் மதிப்பில் டாரோவின் உச்சம் டேட்டன் அல்ல, டெட்ராய்ட்தான்.

அதே மனிதர் 1932-இல், எழுபதைத் தாண்டிய வயதில், ஹவாய்க்குப் போனார். ஜோசப் கஹஹாவாய் என்ற ஹவாய் மண்ணின் மைந்தரைக் கடத்திக் கொன்ற வெள்ளையர் நால்வருக்காக வாதாடினார். தண்டனை பத்து ஆண்டு. ஆளுநர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டார். யாருக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பது சரி. ஆனால் ஸ்வீட் குடும்பத்துக்காகப் பேசிய வாய் அங்கே பேசியதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இனி நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1924 மே 21. சிகாகோவின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் நேதன் லியோபோல்ட், ரிச்சர்ட் லோப். வயது 19, 18. பதினான்கு வயதுச் சிறுவன் பாபி ஃபிராங்ஸைக் கடத்திக் கொன்றார்கள். பணத்தேவை இல்லை, பகை இல்லை; பிடிபடாத குற்றம் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை. உடல் கிடந்த இடத்தருகே விழுந்த மூக்குக் கண்ணாடி லியோபோல்டைக் காட்டிக்கொடுத்தது. இருவரும் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். ஊரே தூக்குக் கேட்டது.

அப்போது டாரோவுக்கு வயது 67. மனநலக் குறைவு என்று வாதாடுவார் என எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படிச் செய்திருந்தால் வழக்கு ஜூரியிடம் போயிருக்கும். கொதித்துக் கிடந்த ஊரின் ஜூரி அது. கொலை, பணத்துக்காகக் கடத்தல் இரண்டுமே தூக்குக்குரிய குற்றங்கள். தனித்தனியாக நடத்தினால் அரசுத் தரப்புக்கு இரண்டு வாய்ப்பு. ஜூலை 21-இல் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு எதிர்த்தரப்பைத் திகைக்க வைத்தார் டாரோ. இப்போது தண்டனை என்ன என்பது மட்டுமே கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் நீதிபதி ஜான் காவர்லி ஒருவர். பன்னிரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பை ஒரே மனிதரின் மடியில் இறக்கி வைத்ததுதான் அந்த வழக்கின் உத்தி.

பிறகு மனநல மருத்துவர்களை அழைத்தார். எதிரிகள் பைத்தியம் என்று நிறுவ அவர் முயலவில்லை. இந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள், யாரிடம் வளர்ந்தார்கள், எதைப் படித்தார்கள், எங்கே மனம் முறிந்தது என்று சொல்ல வைத்தார். தண்டனையைக் குறைக்க இது பொருத்தமற்றது என்று அரசு வழக்கறிஞர் ராபர்ட் குரோ கடுமையாக எதிர்த்தார், நீதிபதி அனுமதித்தார். ஆகஸ்ட் இறுதியில் டாரோவின் வாதம் சில அமர்வுகளாக ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்டது. செப்டம்பர் 10-இல் தீர்ப்பு: கொலைக்கு ஆயுள், கடத்தலுக்கு 99 ஆண்டு. மருத்துவர்கள் சொன்னதை மதித்தாலும், தம் முடிவுக்கு அடிப்படை எதிரிகளின் இளம் வயதே என்றார் காவர்லி. லோப் 1936-இல் சிறையிலேயே கொல்லப்பட்டார். லியோபோல்ட் 1958-இல் பரோலில் வெளிவந்து, போர்ட்டோ ரீக்கோவில் மருத்துவமனை வேலை பார்த்து, 1971-இல் இறந்தார்.

பணக்காரப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சலுகை என்று அன்றே பலர் கசந்தார்கள். அந்தக் கசப்பில் நியாயம் உண்டு. எதிரியின் முழு வாழ்க்கையையும் நீதிமன்றத்தின் முன் விரித்துக் காட்டப் பணமும் ஆளும் காலமும் வேண்டும். ஏழைக்கு அது வாய்ப்பதில்லை.

நம் நாட்டில் அப்படி விரித்துக் காட்டும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு, தண்டனை குறித்து எதிரியைத் தனியே கேட்க வேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரிதினும் அரிதான வழக்குக்கே தூக்கு என்றது. 2022-இல் மனோஜ் வழக்கில், எதிரியின் மனநலம், சிறை நடத்தை, வளர்ந்த சூழல் பற்றிய விவரங்களை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்றது. ஆனால் குற்றவாளி என்று அறிவித்த அன்றே, வயதான தாய் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற இரண்டு வரியோடு தண்டனை விசாரணை முடிந்துபோவதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். முன்வரிசையில் இருக்கும் இளைஞர்களே, சட்ட உதவியில் ஒரு கொலை வழக்கு உங்களிடம் வந்தால் தண்டனை விசாரணைக்கான கோப்பை வக்காலத்துக் கையெழுத்தாகும் அன்றே திறந்துவிடுங்கள். கட்சிக்காரரின் ஊருக்குப் போங்கள். அவர் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், அரசு மருத்துவமனைச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், தாயிடம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசுங்கள். தீர்ப்பு எதிராக வந்த பிறகு இதற்கெல்லாம் வாய்தா கேட்டால் கிடைக்காமல் போகலாம்.