நியூகாசிலும் கொல்லன் தெருவும்



ஆங்கில மரபுத் தொடர்களைப் பற்றிச் சிறிது பேசும்படி நம் சங்கக் காரியதரிசி பணித்தார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ரசீது எழுதும் எனக்கு இலக்கணம் பேசத் தகுதியில்லை. ஆயினும், எச்சரக்கு எவ்வூரிலிருந்து புறப்பட்டது என்று பார்ப்பது என் தொழில். சொற்றொடர்களையும் அக்கண்கொண்டே பார்க்கிறேன்.

'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்னும் தொடரை நம் பிள்ளைகள் பரீட்சைக்கு நெட்டுருச் செய்கின்றனர். 'வீண் வேலை' என்று நோட்டில் பொருள் எழுதிக்கொள்கின்றனர். அது அரைப்பொருளே. நியூகாசில் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் நதிக்கரையிலுள்ள துறைமுக நகரம். பல நூற்றாண்டுக் காலம் லண்டன் மாநகரத்து அடுப்புகள் எரிந்தது அங்கே கப்பலேறிய நிலக்கரியால்தான். அவ்வூருக்கே ஒருவன் நிலக்கரி கொண்டு போனால் எப்படியிருக்கும்? தன்பாத்தில் வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெளியூரிலிருந்து ஜரியாவுக்கு ஒரு வாகன் நிலக்கரி அனுப்ப எவரேனும் வந்தால் ஆபீஸ் முழுதும் சிரிக்கும். ஒரு பொருள் மலிந்து கிடக்குமிடத்துக்கு அதையே சுமந்து செல்லும் பேதைமை என்பதே முழுப்பொருள். வேடிக்கை யாதெனில், இங்கிலாந்தின் வடகிழக்கில் கடைசியாக எஞ்சியிருந்த ஆழ்சுரங்கமாகிய எல்லிங்டன் 2005-இல் மூடப்பட்டுவிட்டது. நிலக்கரி போயிற்று, தொடர் போகவில்லை.

'லெட்டிங் ஆஃப் ஸ்டீம்' என்பதும் அத்தகையதே. கொதிகலத்தில் அழுத்தம் மிஞ்சினால் காப்பு வால்வு திறந்து நீராவி சீறிக்கொண்டு வெளிப்படும். அடக்கி வைத்த கோபத்தைக் கொட்டித் தீர்ப்பதை அவ்வாறு கூறுவர். நம் நாட்டில் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் 1995-இல் முடிந்தது. இரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அச்சீற்றத்தைக் கேட்டதில்லை.

நிற்க. நியூகாசில் தொடரின் கருத்தையே இந்திக்காரர் 'உல்டே பான்ஸ் பரேலி கோ' என்பர். பரேலி மூங்கிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து மூங்கில் வருவது முறை. அங்கே திரும்பிப் போவது தலைகீழ். தெருவில் விளையாடும் நம் பிள்ளைகள் இதையும் அறிவர்.

தமிழில் இதற்கு என்ன சொல்வோம் என்று சென்ற மாதம் காலனிப் பிள்ளைகள் சிலரைக் கேட்டேன். ஒரு சிறுமி மட்டும், "நியூகாசிலுக்குக் கரி தூக்கிப் போவது, மாமா" என்றாள். உள்ளேயிருந்து அவள் பாட்டியார், "கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று சொல்லடி!" என்றார். அக்குழந்தை கேட்டது: "கொல்லன் என்றால் யார், பாட்டி?"

அக்கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

'க்ரோகடைல் டியர்ஸ்' என்பதையும் பாருங்கள். முதலை இரையைத் தின்னும்போது அழும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. அதை 'முதலைக் கண்ணீர்' என்று நாமும் எடுத்துக்கொண்டோம், குற்றமில்லை. ஆனால் நம்மிடம் 'நீலிக் கண்ணீர்' முன்பே இருந்தது. பழையனூர் நீலி பொய்க் கண்ணீர் வடித்து ஒரு வணிகனைத் தன் கணவனென்று சாதித்ததும், அவள் சொல்லை நம்பி அவனுயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர், அவன் மாண்டபின் வாக்குத் தவறாது தீப்புகுந்ததும் பெருங்கதை. முதலைக்குப் பின்னால் இத்தகைய கதை ஏதுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

பள்ளியில் படிக்கும் ஆங்கிலத் தொடர்களுக்கு எதிரே, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஈடான தமிழ்த் தொடர்களை எழுதிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரலாம். ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். எழுதுவதற்கு வேண்டிய நோட்டுப் புத்தகம் என் செலவு.